ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பகெத்

நான் முதன்முதலில் சுட்ட பிரெஞ்சு ரொட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தபோது, அம்மா அதை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை அடுப்பில் வைக்கவா, தட்டில் வைக்கவா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 'பகெத்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் குச்சி, கோல் என்று பொருள். நூடுல்ஸ் சாப்பிடும் குச்சிக்கும், கதையில் வரும் தேவதையின் மந்திரக்கோலுக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். என்னுடையது பெயருக்கேற்ற ரொட்டி. வெளியே நிறமே ஏறாமல் வெளிறிக் கிடந்தது. உள்ளே பன் மாதிரி அடைசல். கிட்டே கொண்டுபோனால் லேசாகக் கள் வாடை.

இத்தனைக்கும் செய்முறையில் இருந்ததை இம்மி பிசகாமல் செய்திருந்தேன். சிக்கலே அதில்தான் என்று புரிய நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அந்தச் செய்முறையை எழுதியவரின் சமையலறையில் 20 டிகிரி இருந்திருக்கும். என் சமையலறையில் மே மாதம், 34 டிகிரி. "ஒன்றரை மணி நேரம் உப்ப விடவும்" என்று அவர் எழுதினால், அங்கே அது ஒன்றரை மணி நேரம். இங்கே அதற்குள் மாவு பொங்கி, வழிந்து, களைத்து உட்கார்ந்துவிடும்.

அதனால் இந்தக் கட்டுரையில் அளவுகளைவிட நேரத்தையும் வெப்பத்தையும் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். அளவுகள் எளிது, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நாலே பொருள்

மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். அவ்வளவுதான். சர்க்கரை, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது. பிரான்சில் இதைச் சட்டமாகவே போட்டிருக்கிறார்கள். 1993 செப்டம்பர் 13 தேதியிட்ட அரசாணைப்படி, 'பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி' என்ற பெயரில் விற்க வேண்டுமானால் மாவை எந்தக் கட்டத்திலும் உறைய வைத்திருக்கக் கூடாது, சேர்மான ரசாயனம் எதுவும் கலந்திருக்கக் கூடாது. ஃபாவா பீன்ஸ் மாவு 2 சதவீதம், சோயா மாவு 0.5 சதவீதம், முளைகட்டிய கோதுமை மால்ட் 0.3 சதவீதம் வரை சேர்க்க மட்டும் அனுமதி உண்டு. ஈஸ்டுக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ பழைய புளித்த மாவைப் பயன்படுத்தலாம். ஆலையில் உருட்டி உறைய வைத்த மாவை வாங்கிச் சுட்டு விற்கும் கடைகள் பெருகிய காலத்தில், கடையிலேயே மாவு பிசைந்து சுடுபவர்களின் ரொட்டியைத் தனியாக அடையாளம் காட்ட வந்த ஆணை இது. 2022 நவம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பகெத் செய்யும் கைத்திறனையும் அதைச் சுற்றிய வாழ்க்கை வழக்கங்களையும் சேர்த்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பாரிஸ் நகராட்சி ஆண்டுதோறும் சிறந்த பகெத்துக்கு ஒரு போட்டி நடத்துகிறது. வென்றவருக்கு 4000 யூரோ பரிசு. அதைவிடப் பெரிய பரிசு, அதிபர் வசிக்கும் எலிசே மாளிகைக்கு ஓராண்டு ரொட்டி கொடுக்கும் உரிமை. 2023இல் அதை வென்றவர், இலங்கையில் பிறந்து பாரிஸின் 20ஆம் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் தர்ஷன் செல்வராஜா. இலங்கைத் தமிழில் ரொட்டிக்குப் 'பாண்' என்று பெயர், போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். பாண் என்று சொல்லும் ஊரில் பிறந்த ஒருவர், பாரிஸ்காரர்களுக்கே அவர்கள் ரொட்டியைச் சுட்டுக் காட்டியிருக்கிறார்.

சரி, சர்க்கரையே இல்லாத மாவுக்கு அந்தச் செம்பொன் நிறமும் வறுத்த பருப்பு போன்ற வாசனையும் எங்கிருந்து வருகின்றன? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மாவுக்குள் நடப்பது

கோதுமை மாவில் பெரும்பங்கு மாவுச்சத்து. ஈஸ்டால் அதை அப்படியே தின்ன முடியாது. ஆனால் மாவில் அமைலேஸ் என்ற நொதி ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது விழித்துக்கொண்டு மாவுச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சர்க்கரையாக்கும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று கரியமில வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் வெளியே விடும். வாயு மாவை உப்ப வைக்கும். கூடவே கொஞ்சம் பாக்டீரியாக்களும் வேலை செய்து லேசான புளிப்பைக் கொடுக்கும். இட்லி மாவைப் புளிக்க வைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல, உயிரிகள்தான் கொஞ்சம் வேறு. புளிப்பது ஓர் உயிரின் வேலை என்பதை 1857இலிருந்து ஆய்வுகளால் நிறுவியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், லூயி பாஸ்டர்.

ஆக, மாவுக்குள் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒருவர் சமைக்கிறார், இன்னொருவர் சாப்பிடுகிறார். அமைலேஸ் சர்க்கரை செய்ய நேரம் எடுக்கும். ஈஸ்ட் நிறைய இருந்தால், அதுவும் வெக்கையில் இருந்தால், வந்த சர்க்கரையை வந்த வேகத்தில் காலி செய்துவிடும். 20 டிகிரியிலிருந்து 30க்குப் போனால் ஈஸ்டின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது.

ரொட்டியின் மேலோடு சிவக்க வேண்டுமானால் ஓவனுக்குள் போகும்போது மாவில் சர்க்கரை மிச்சம் இருக்க வேண்டும். அந்தச் சர்க்கரையும் மாவின் புரதமும் சூட்டில் சேர்ந்துதான் நிறமும் வாசனையும் உண்டாகின்றன. மயார் வினை என்பார்கள், இதைக் கண்டு சொன்ன லூயி காமீ மயாரும் பிரெஞ்சுக்காரரே. என் முதல் ரொட்டி ஏன் வெளிறிப்போனது என்பதற்கு இதுதான் காரணம். ஒரு பாக்கெட் ஈஸ்டைக் கொட்டி, மே மாத வெயிலில் வைத்தால், ஈஸ்ட் எல்லாச் சர்க்கரையையும் தின்றுவிட்டு ஆல்கஹாலை விட்டுவைத்திருந்தது. இன்னும் பத்து நிமிடம் சுட்டிருந்தாலும் காய்ந்திருக்குமே தவிர, சிவந்திருக்காது.

மருந்து எளிது. ஈஸ்டைக் குறை, நேரத்தைக் கூட்டு, மாவைக் குளிர்ச்சியாக வை.

தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி?

பிரெஞ்சு ரொட்டிக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மாவின் வெப்பம், அறையின் வெப்பம், தண்ணீரின் வெப்பம், இந்த மூன்றையும் கூட்டினால் ஒரு குறிப்பிட்ட எண் வர வேண்டும். அதற்கு 'அடிப்படை வெப்பநிலை' என்று பெயர். பிசைந்து முடித்த மாவு 24 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும் என்பது குறி. மெஷினில் பிசைந்தால் உராய்வில் சூடு ஏறும் என்பதால் அந்த எண்ணைக் குறைத்துக்கொள்வார்கள். கையால் பிசைகிற நாம் 65 என்று வைத்துக்கொள்ளலாம்.

மாவு 20, அறை 20 என்றால் தண்ணீர் 25. அதாவது வெதுவெதுப்புக்குக் கொஞ்சம் கீழே. எத்தனையோ செய்முறைகளில் 'வெதுவெதுப்பான தண்ணீர்' என்று இருப்பது குளிர்நாட்டுச் சமையலறையின் பழக்கம். நம் ஊரில் மாவு 32, அறை 32 என்று வைத்தால் மிச்சம் 1. ஒரு டிகிரி! ஐஸ் கட்டி மிதக்கும் தண்ணீர்தான் அந்தக் கணக்குக்குச் சரிவரும். நம் வெயிலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

ஐஸ் தண்ணீர் இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. மாவில் ஒரு பகுதியை முந்தின இரவே கரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. இதற்கு 'பூலிஷ்' என்று பெயர். மாவும் தண்ணீரும் சம எடை, ஈஸ்ட் ஒரு சிட்டிகை. தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். இரவு முழுக்க மெதுவாகப் புளித்து வாசனையைக் கொடுக்கும், காலையில் சில்லென்று வந்து மொத்த மாவையும் குளிரவைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். காலையில் சேர்க்கும் தண்ணீர் குழாயிலிருந்து வந்ததாகவே இருக்கலாம்.

மைதா போதுமா?

போதும். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். 'பிரெட் ஃப்ளவர்' என்று விலை உயர்ந்த, புரதம் கூடிய மாவை வாங்கச் சொல்வார்கள். ஆனால் பிரான்சில் பகெத்துக்குப் போடும் மாவு அப்படியொன்றும் புரதம் மிகுந்ததல்ல. அங்கே மாவை எண்ணால் அழைக்கிறார்கள், டி55, டி65 என்று. 100 கிராம் மாவை எரித்தால் எவ்வளவு சாம்பல் மிஞ்சும் என்பதைக் காட்டும் எண் அது. 55 என்றால் 0.55 கிராமை ஒட்டி. எண் கூடக் கூடத் தவிட்டுப் பங்கு கூடும், மாவின் நிறம் மங்கும். பகெத்துக்கு இந்த 55உம் 65உம்தான். பொட்டலத்தில் புரதம் 10 கிராமுக்கு மேல் போட்டிருக்கிற, வெளுப்பூட்டாத மைதா கிடைத்தால் அது நன்றாகவே வரும். நான் பத்தில் ஒரு பங்கு ஆட்டா சேர்ப்பேன், கோதுமை மணம் கூடும். முழுக்க ஆட்டாவில் செய்தால் வேறொரு ரொட்டி வரும். நல்ல ரொட்டிதான், ஆனால் பகெத் அல்ல. தவிட்டுத் துணுக்குகள் மாவின் இழுவையை அறுத்துவிடும்.

அந்த இழுவைக்குப் பெயர் குளூட்டன். மாவிலுள்ள இரண்டு புரதங்கள் தண்ணீரில் ஊறிக் கைகோத்து ரப்பர் போல ஒரு வலையாகின்றன. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விசிறி போலப் பரப்புவது இந்த வலையை நம்பித்தான். ரொட்டியில் அதே வலை வாயுவைப் பிடித்து வைக்கிறது.

இதில் ஒரு நல்ல செய்தி, வலை உருவாகப் பாதி வேலையைத் தண்ணீரே செய்துவிடும். பிரான்சில் ரொட்டிக் கலையின் பேராசான் என்று மதிக்கப்படும் ரேமோன் கல்வெல் 1970களில் ஒரு முறையைச் சொன்னார். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் சும்மா விட்டுவிடு, உப்பும் ஈஸ்டும் அப்புறம் சேர். திரும்பி வந்து பார்த்தால், கரடுமுரடாக விட்டுப்போன மாவு வழவழவென்று இழுபடும். அதிகம் பிசைந்தால் மாவுக்குள் காற்று நிறையக் கலந்து அதன் நிறத்தையும் ருசியையும் வெளுக்கடிக்கும் என்பது அவருடைய குறை. அந்த நாளில் பிரான்சின் பேக்கரிகளில் மெஷினில் போட்டு மூர்க்கமாகப் பிசைந்து, வெள்ளை வெளேரென்று பஞ்சு போன்ற ரொட்டி செய்யும் வழக்கம் பரவியிருந்தது. சும்மா இருப்பதே ஒரு வேலை என்று சொன்ன மனிதர் என்பதால் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

இனி அளவுகள்

ரொட்டிக்காரர்கள் எப்போதும் மாவை 100 என்று வைத்து மற்றதைச் சொல்வார்கள். தண்ணீர் 66, உப்பு 1.8 என்றால், 100 கிராம் மாவுக்கு 66 கிராம் தண்ணீர், 1.8 கிராம் உப்பு. கூட்டினால் 100ஐத் தாண்டுகிறதே என்று குழம்ப வேண்டாம், அது அப்படித்தான். இந்தக் கணக்கு கைவந்தால் இரண்டு பேருக்கும் இருபது பேருக்கும் ஒரே செய்முறை போதும். ஒரு சமையலறைத் தராசு மட்டும் வாங்கிவிடுங்கள். கப் அளவை நம்பாதீர்கள், அமுக்கி அள்ளிய கப்புக்கும் தளர்வாக அள்ளிய கப்புக்கும் 30 கிராம் வரை வித்தியாசம் வரும்.

நாலைந்து பேர் சாப்பிட மொத்தம் 500 கிராம் மாவு. சனிக்கிழமை இரவு 9 மணிக்கு அதில் 150 கிராமை 150 கிராம் தண்ணீரில் கரைத்து, இன்ஸ்டன்ட் ஈஸ்டை இரண்டு விரல் நுனியில் எடுக்கும் சிட்டிகை அளவு போட்டு மூடி வையுங்கள். குமிழி தெரியத் தொடங்கியதும், படுக்கப் போகுமுன், ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

ஞாயிறு காலை 7 மணி. பூலிஷில் மேலெல்லாம் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், பழ வாசனை வரும். அதில் 180 கிராம் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, மீதி 350 கிராம் மாவைச் சேர்த்து, உலர்ந்த மாவு தெரியாத அளவுக்குக் கிளறிவிட்டு மூடிவிடுங்கள். போய்க் காபி குடிக்கலாம். 7.30க்கு 9 கிராம் உப்பு (ஒன்றரைத் தேக்கரண்டி தூள் உப்பு), 1.5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் (அரைத் தேக்கரண்டி) சேர்த்து ஐந்து நிமிடம் பிசையுங்கள். மாவு கையில் ஒட்டும். இங்கேதான் எல்லோரும் தவறுவது. ஒட்டுகிறதே என்று மாவைத் தூவித் தூவிச் சப்பாத்தி மாவாக்கிவிடுவார்கள். சப்பாத்தி மாவு பதத்துக்கு வந்தால் உள்ளே ஓட்டைகள் வராது. கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது.

பிசைந்ததை மூடி வைத்துவிட்டு, 8 மணிக்கும் 8.30க்கும் ஒருமுறை பாத்திரத்திலேயே மடியுங்கள். ஓரத்தைப் பிடித்து மேலே இழுத்து நடுவில் போடுவது, பாத்திரத்தைக் கால் சுற்று திருப்புவது, இப்படி நாலு பக்கமும். இரண்டாம் முறை மடிக்கும்போது மாவு இறுகியிருப்பது கையிலேயே தெரியும். 9.15 வாக்கில் அது ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே உப்பியிருக்கும். இரண்டு மடங்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நம் வெயிலில் இந்த அளவிலேயே அடுத்த வேலைக்குப் போய்விடுவது நல்லது. கடிகாரத்தையும் மிகவும் நம்ப வேண்டாம். ஜனவரியில் இதே கட்டத்துக்கு இன்னும் அரை மணி நேரம் கூட ஆகலாம்.

உண்மையான பகெத் 55 முதல் 65 சென்டிமீட்டர் நீளம், சுட்டபின் 250 கிராமை ஒட்டிய எடை. நம் ஓடிஜி ஓவனுக்குள் அது குறுக்கே கூட நுழையாது. அதனால் மூன்று குட்டிக் கோல்கள், ஒவ்வொன்றும் 280 கிராம் மாவு, 28 சென்டிமீட்டர் நீளம். வெட்டிய துண்டுகளை லேசாக உருட்டி 20 நிமிடம் விடுங்கள், இறுக்கம் தளரட்டும். பிறகு ஒவ்வொன்றையும் விரலால் தட்டி நீள்சதுரமாக்கி, கடிதம் மடிப்பது போல மேலிருந்தும் கீழிருந்தும் மடித்து, விளிம்பை உள்ளங்கை அடியால் அழுத்தி ஒட்டி, நடுவிலிருந்து இரு பக்கமும் உருட்டி நீட்டுங்கள். மேல்பரப்பு பலூன் போல விறைப்பாக இருக்க வேண்டும். முதல் தடவை கோணல்மாணலாகத்தான் வரும். ருசிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

இவற்றை உப்ப வைக்கப் பிரான்சில் லினன் துணியை மடிப்பு மடிப்பாக வைத்து ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒரு கோலைப் படுக்க வைப்பார்கள், பக்கவாட்டில் சரியாமல் இருக்க. என்னிடம் லினன் இல்லை. மாவு தூவிய பழைய பருத்தி வேட்டித் துண்டு அதே வேலையைச் செய்கிறது.

நாற்பது நிமிடம் கழித்து விரலை மாவில் நனைத்து ஒரு கோலை மெல்ல அமுக்கிப் பாருங்கள். குழி உடனே எழும்பினால் இன்னும் பொறுக்க வேண்டும். மெதுவாக, பாதி மட்டும் எழும்பினால் தயார். எழும்பவே இல்லையென்றால் கொஞ்சம் தாமதித்துவிட்டீர்கள், இனி யோசிக்காமல் ஓவனில் வையுங்கள்.

சூடும் நீராவியும்

வீட்டு ரொட்டியையும் கடை ரொட்டியையும் பிரிப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி அரை மணி நேரம்தான். பேக்கரி ஓவனின் தளம் கல். மாவு அதன்மேல் விழுந்ததும் அடியிலிருந்து சூடு தாக்கும், உள்ளிருக்கும் வாயு விரியும், ஈஸ்ட் சாகும் முன் கடைசியாக ஒரு மூச்சு வேலை செய்யும். முதல் பத்து நிமிடத்தில் ரொட்டி எம்பி எழும்புவது இதனால்தான். மெல்லிய அலுமினியத் தட்டில் வைத்தால் அந்த எழுச்சி கிடைக்காது. நம் வீட்டில் கல்லுக்குப் பதில் இரும்பு தோசைக்கல் இருக்கிறது. தடித்த, பிளாஸ்டிக் கைப்பிடி இல்லாத, பெரிய தோசைக்கல்லைக் கவிழ்த்து உள்ளே வைத்து, ஓவனை அதன் உச்ச சூட்டில், 240 அல்லது 250இல், கோல்கள் உப்பும் நேரத்திலேயே முக்கால் மணி நேரம் காய விடுங்கள். மின் கட்டணத்தை நினைத்து இந்த முக்கால் மணி நேரத்தைக் குறைத்தால், மற்ற எல்லா உழைப்பும் வீண்.

நீராவி எதற்கு? வறண்ட சூட்டில் மாவின் மேல்பரப்பு உடனே காய்ந்து ஓடாகிவிடும். உள்ளே விரியத் துடிக்கும் வாயுவுக்கு இடம் இருக்காது, பக்கவாட்டில் எங்காவது வெடிக்கும். நீராவி இருந்தால் மேல்பரப்பு பத்து நிமிடமாவது ஈரமாக, இளக்கமாக இருக்கும். அந்த ஈரத்தில் மேலேயுள்ள மாவுச்சத்து கஞ்சி போல வெந்து, பிறகு காய்ந்து, கண்ணாடிப் பளபளப்போடு மெல்லிய மொறுமொறு ஓடாகும். ஓவனின் அடித்தட்டில் ஒரு பழைய இரும்புச் சட்டியையும் காய வைத்து, ரொட்டி உள்ளே போனதும் அதில் அரைத் தம்ளர் கொதிநீரை ஊற்றிச் சட்டென்று கதவை மூடுங்கள். ஊற்றும்போது கண்ணாடிக் கதவின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். சூடான கண்ணாடியில் நீர் தெறித்தால் விரிசல் விழும். சூடேற்றும் கம்பியிலும் தண்ணீர் படக் கூடாது. கை நடுங்குமென்றால் இந்த வித்தையே வேண்டாம். மாவு முழுவதையும் ஒரே உருண்டையாக உருட்டி, காய்ந்த கனமான இரும்புப் பாத்திரத்தில் போட்டு மூடிச் சுடுங்கள். மாவிலிருந்து வரும் ஆவியே மூடிக்குள் தங்கி அந்த வேலையைச் செய்யும். உருண்டை ரொட்டிக்குப் பிரெஞ்சில் 'பூல்', பந்து என்று பெயர். ரொட்டி சுடுபவரைக் குறிக்கும் 'பூலான்ஜே' என்ற சொல்லே உருண்டை ரொட்டியைக் குறித்த ஒரு பழைய சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆகவே குறுக்கு வழி என்று வெட்கப்பட வேண்டியதில்லை, நீளக் கோலைவிடப் பழைய வடிவம் அது.

ஓவனில் தள்ளுமுன் மேலே கீறல் போட வேண்டும். புதுச் சவரப் பிளேடு போதும். நேர்க்குத்தாக வெட்டாமல் பிளேடைச் சாய்த்து, தோலை மட்டும் சீவுவது போல, ரொட்டியின் நீளவாக்கில் மூன்று கீறல். ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் கொஞ்சம் மேலே மேலே படிய வேண்டும். சுடும்போது அந்த விளிம்பு உதடு போலத் தூக்கிக்கொண்டு, நுனி கருக முறுகும். தயங்கித் தயங்கி இழுத்தால் பிளேடு மாவைப் பிய்க்கும், ஒரே வீச்சாக இழுக்க வேண்டும்.

பத்து நிமிடம் கழித்து நீர்ச்சட்டியை எடுத்துவிட்டு, இன்னும் 12 முதல் 15 நிமிடம். நிறம் வந்ததும் பயந்து எடுத்துவிடாதீர்கள், நன்றாகச் சிவக்கட்டும். உட்பகுதி 96 டிகிரியைத் தொட்டிருந்தால் வெந்துவிட்டது. வெப்பமானி இல்லையென்றால் அடியில் தட்டிப் பாருங்கள், காலிக் குடம் போல ஒலிக்கும். கம்பித் தட்டின் மேல் ஆற வைத்துவிட்டுக் காதை அருகில் கொண்டுபோனால் மேலோடு ஆறிச் சுருங்கும்போது படபடவென்று நொறுங்கும் சத்தம் கேட்கும். ரொட்டி பாடுகிறது என்பார்கள் பிரெஞ்சுக்காரர்கள். என் அக்கா மகன் இதைக் கேட்கவென்றே சமையலறைக்கு வருவான்.

ஒரு ஈடுக்கு இரண்டு கோல்தான் பிடிக்குமென்றால் மூன்றாவதை அதுவரை ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு ஈடும் முடிய 11.30 ஆகும். ஒரு மணிச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சுடச்சுட அறுத்தால் உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆறட்டும்.

மேசையில்

பிரான்சில் வீட்டுச் சாப்பாட்டில் ரொட்டிக்குத் தனித் தட்டு வைப்பதில்லை. கூடையில் வைப்பார்கள், எடுத்த துண்டை மேசை விரிப்பின் மேலேயே தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். கையால் பிய்த்துத்தான் சாப்பிடுவார்கள். ரொட்டியைத் தலைகீழாக வைக்க மட்டும் கூடாது, அபசகுனம். அந்தக் காலத்தில் தூக்குத் தண்டனையை நிறைவேற்றுபவருக்குரிய ரொட்டியைக் கடைக்காரர் தனியாகத் தெரியும்படி கவிழ்த்து வைப்பாராம், அதைத் தொட மற்றவர்கள் அஞ்சினார்களாம். இன்றும் கவிழ்ந்து கிடக்கும் ரொட்டியைப் பார்த்தால் பாட்டிமார் நிமிர்த்தி வைத்துவிடுவார்கள்.

கூடச் சாப்பிட என்ன? உப்பு வெண்ணெய் இருந்தால் அதுவே போதும். தக்காளி, கத்தரிக்காய், குடைமிளகாய் போட்டு வதக்கிய ரதத்தூய், ஒரு ஆம்லெட், வெங்காய சூப், எதுவும் பொருந்தும். தட்டில் மிஞ்சும் குழம்பைக் கடைசித் துண்டால் துடைத்துச் சாப்பிடுவது அங்கே வீட்டு வழக்கம், விருந்தில்தான் செய்யத் தயங்குவார்கள். எங்கள் வீட்டில் அம்மா ரதத்தூயை ஒருமுறை பார்த்துவிட்டு, "கத்தரிக்காய்க் கூட்டில் புளி போட மறந்துவிட்டாயா?" என்றார். அடுத்த வாரத்திலிருந்து கோழிக் குழம்புதான்.

மிச்சமாகும் ரொட்டியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ரொட்டி பழசாகி விறைப்பது காய்வதால் மட்டும் அல்ல. வெந்த மாவுச்சத்து ஆறிய பின் மெல்ல மெல்ல மறுபடி இறுகத் தொடங்கும், ஃபிரிட்ஜின் குளிரில்தான் அது வேகமாக நடக்கும். துணியில் சுற்றி வெளியே வைத்தால் இரவு வரை தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, எடுத்ததும் சுட வைக்கலாம். கொழுப்போ சர்க்கரையோ இல்லாத ரொட்டி என்பதால் பகெத்துக்கு ஆயுள் ஒரு நாள்தான். பிரான்சில் பலர் தினமும் கடைக்குப் போவதும், போனவர் வீடு வருவதற்குள் நுனியைப் பிய்த்துத் தின்றுவிடுவதும் அதனால்தான்.

திங்கட்கிழமை காலையில் கல்லாகிக் கிடக்கும் துண்டுகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. பாலும் முட்டையும் கொஞ்சம் சர்க்கரையும் அடித்து அதில் நன்றாக ஊறவிட்டு வெண்ணெயில் வாட்டுவது. 'பென் பெர்தூ', தொலைந்துபோன ரொட்டி என்று பெயர். பஞ்சு பிரெட்டில் செய்தால் ஊறி நொந்துவிடும். இதற்குக் காய்ந்த பகெத்தான் சரி, அதுவும் ஒரு விரல் கனத்துக்குச் சாய்வாக அறுத்தது.